பூச்சியம் எங்கே இருக்கிறது? இரண்டு மொனிட்டரும் பீதுருதலாகலையும்

லெப்டொப்புக்குப் பக்கத்தில் இரண்டாவதாக ஒரு மொனிட்டரை வைத்து வேலை செய்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். பெரிய திரையின் அடிப்பக்கத்தில் எதையோ கிளிக் பண்ணிவிட்டு மவுஸை லெப்டொப் பக்கம் தள்ளுவோம். அம்பு ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். இன்னும் பலமாகத் தள்ளினாலும் அசையாது. கொஞ்சம் மேலே கொண்டுபோய்த் தள்ளினால் சட்டென்று தாண்டிவிடும், ஆனால் நாம் நினைத்த உயரத்தில் போய் நிற்காது.

மவுஸ் பழுதில்லை. அங்கே நிஜமாகவே ஒரு சுவர் இருக்கு. சாதாரண லெப்டொப் திரை 1366 புள்ளி அகலம், 768 புள்ளி உயரம். வாங்கி வைத்த மொனிட்டர் 1920க்கு 1080. இரண்டின் மேல் ஓரத்தையும் ஒரே கோட்டில் வைத்தால், பெரியதின் கீழ்ப்பகுதியில் 312 வரிசைகளுக்குப் பக்கத்தில் எதுவுமே இல்லை. வெறும் பள்ளம். அம்புக்குப் போக இடமில்லை.

டிஸ்பிளே செட்டிங்கைத் திறந்தால் 1, 2 என்று எழுதிய இரண்டு பெட்டிகள் தெரியும். அவற்றை மவுஸால் இழுத்து மேசையில் திரைகள் இருக்கிற மாதிரி வைக்கச் சொல்வார்கள். எது முதன்மைத் திரை என்றும் கேட்பார்கள். பெரும்பாலானவர்கள் அரை நிமிசத்தில் முடித்துவிட்டு மறந்துவிடுகிற வேலை. ஆனால் அந்த இரண்டு கேள்விகளுக்கும், அதாவது எது எதற்குப் பக்கத்தில், எங்கேயிருந்து எண்ணத் தொடங்குவது என்பவற்றுக்கு, நீளமான ஒரு சரித்திரம் இருக்கிறது. அதில் ஒரு பகுதி நம்ம நுவரெலியாவுக்கு மேலே நிற்கிற மலையில் நடந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கொம்பியூட்டர் பக்கம். 1981 இல் வந்த ஐபிஎம் பீசியிலேயே இரண்டு திரை மாட்டலாம். கறுப்பு வெள்ளை எழுத்துக்கு ஒரு கார்ட், நிறப் படத்துக்கு இன்னொரு கார்ட். இரண்டும் நினைவகத்தில் வெவ்வேறு முகவரியில் உட்கார்ந்திருந்ததால் ஒன்றோடு ஒன்று மோதவில்லை. லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குப் புரோகிராம் ஒரு திரையில் எண்களையும் மற்றதில் கிராஃபையும் காட்டும். ஆனால் எந்தத் திரை இடது, எது வலது என்று அந்த மெசினுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. ஒன்றிலிருந்து மற்றதற்கு நகர்ந்து போக அங்கே எதுவும் இல்லையே.

இரண்டு திரையையும் ஒரே நிலமாக நினைத்தது 1987 இல் வந்த மெகின்டோஷ் டூ. அதன் கண்ட்ரோல் பெனலில் திரைகளின் சின்னப் படங்களை இழுத்து ஒழுங்குபடுத்தலாம். அந்தப் படங்களில் ஒன்றின் தலையில் குட்டியாக ஒரு மெனு பார் ஒட்டியிருக்கும். அதை இழுத்து எந்தத் திரையில் போடுகிறோமோ அதுதான் பிரதான திரை. அழகான யோசனை. இன்றைக்கு நாம் இழுக்கிற பெட்டிகள் எல்லாம் அந்தப் பெட்டியின் பேரப்பிள்ளைகள்தான். விண்டோஸ்காரர்கள் 1998 வரை காத்திருந்தார்கள். விண்டோஸ் 98 ஒன்பது திரை வரை ஏற்றுக்கொண்டது. யுனிக்ஸ் பக்கம் டிஜிட்டல் கம்பனி செய்த சினெராமா என்ற நீட்சியும் அதே 1998 இல்தான் எக்ஸ் விண்டோவுக்குள் வந்தது.

இங்கேதான் பூச்சியம் பிரச்சினையாகிறது. திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு எண் உண்டு: இடமிருந்து எத்தனை, மேலிருந்து எத்தனை. பழைய டிவிக் குழாயில் மின்கதிர் இடது மேல் மூலையில் தொடங்கி வரி வரியாகக் கீழே இறங்கியது. அந்தப் பழக்கத்தில் பூச்சியம், பூச்சியம் என்பது இடது மேல் மூலை. ஒரு திரை இருந்தவரைக்கும் எல்லா எண்ணும் பூச்சியத்துக்கு மேலேதான். இரண்டாவது திரையை இடப்பக்கம் வைத்தால்? அங்கே இருக்கிறவர்களுக்கு என்ன எண்?

விண்டோஸும் மெக்கும் சொன்ன பதில்: முதன்மைத் திரையின் மூலையே பூச்சியம், அதற்கு இடப்பக்கமும் மேல்பக்கமும் இருப்பதெல்லாம் கழித்தல் எண். கேட்க நியாயமாகத்தான் இருக்கு. ஆனால் ஒரு திரைக்காகவே எழுதப்பட்ட புரோகிராம்களுக்குக் கழித்தல் எண் என்றால் "திரைக்கு வெளியே" என்றுதான் அர்த்தம். சில புரோகிராம்கள் இடத்திரையில் இருந்த ஜன்னலை வலுக்கட்டாயமாக முதன்மைத் திரைக்கு இழுத்துவந்தன. சிலதில் இன்னும் மோசம். மவுஸ் நிற்கிற இடத்தை 16 பிட்டில் எடுக்கும்போது கழித்தல் குறியைக் கவனிக்காமல் விட்டால் –1 என்பது 65,535 ஆகிவிடும். ஒரு புள்ளி இடப்பக்கம் நின்றவர் கண்காணாத தூரத்துக்குப் போய்விடுவார். மவுஸின் இடத்தைக் கணக்கிடும்போது பழைய வழியைப் பாவிக்காதீர்கள், பல திரை உள்ள மெசினில் பிழையாக வரும் என்று மைக்ரோசொஃப்ட் புரோகிராமர்களுக்கு எழுதுகிற கையேட்டில் இன்றைக்கும் எச்சரிக்கை இருக்கிறது.

எக்ஸ் விண்டோ வேறு வழி பிடித்தது. எல்லாத் திரைகளையும் சுற்றி ஒரு பெரிய செவ்வகம் போடு, அந்தச் செவ்வகத்தின் மூலையைப் பூச்சியமாக வை. அப்போது யாருக்கும் கழித்தல் எண் கிடையாது. பிரதான திரைக்கும் பூச்சியத்துக்கும் சம்பந்தம் இல்லை.

இந்த இரண்டாவது வழியைக் கொம்பியூட்டர் வருவதற்கு வெகுகாலம் முன்னமே இலங்கையின் நில அளவைக்காரர்கள் கண்டுவைத்திருந்தார்கள்.

நில அளவைத் திணைக்களம் தொடங்கியது 1800 ஆகஸ்ட் 2. மலையகத்தை அவர்கள் பலமாக அளக்க ஆரம்பித்ததற்குக் காரணம் கோப்பி. 1840 ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் உறுதி இல்லாத காட்டையும் தரிசையும் முடிக்குரிய காணி என்று சொல்லிவிட்டது. அப்புறம் அதைத் துண்டு துண்டாக விற்க வேண்டும். விற்க வேண்டுமானால் பிளான் வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பிளான். அளவு சங்கிலியில்: ஒரு சங்கிலி 66 அடி, 100 கண்ணி. பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர்.

இப்படி ஒவ்வொரு தோட்டத்தையும் தனியாக அளந்தால் ஒவ்வொரு பிளானுக்கும் அதன் பூச்சியம் அதன் மூலையிலேயே இருக்கும். வடக்கு என்பதும் கொம்பஸ் காட்டின வடக்கு. அது உண்மையான வடக்கு அல்ல, வருசத்துக்கு வருசம் நகரவும் செய்யும். பக்கத்துப் பக்கத்து இரண்டு தோட்டத்தின் பிளான்களை மேசையில் ஒட்டிப்பாருங்க. ஒன்றில் ஓடுகிற ஆறு மற்றதின் ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். நம்ம மவுஸ் அம்பு மாதிரியே.

இதைத் தீர்க்கத்தான் முக்கோண அளவை. சமதரையில் ஒரே ஒரு கோட்டை மிகக் கவனமாக அளக்க வேண்டும். நீர்கொழும்புக்குக் கிட்ட கந்தவல என்ற இடத்தில் அது நடந்தது. அங்கேயிருந்து சிகரம் சிகரமாகப் பார்த்துக் கோணங்களை மட்டும் எடுத்துக்கொண்டே போனால் முக்கோணக் கணக்கில் தூரமெல்லாம் தானாக வந்துவிடும். தியோடலைட் தானாக மலை ஏறாது என்பதையும் சொல்லவேண்டும். காடு வெட்டி, பெட்டியைத் தோளில் தூக்கி, உச்சியில் கம்பு நட்டவர்கள் இருந்தார்கள். வரைபடத்தின் ஓரத்தில் சேர்வேயர் ஜெனரலின் பெயர் இருக்கும். தூக்கினவர்கள் பெயர் இருக்காது.

அந்த வலையின் மேல் வரைந்ததுதான் ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவிலான, முழு இலங்கைக்கும் 72 தாள்கள் கொண்ட வரைபடம். ஹட்டன் பக்கத்துத் தாளையும் நுவரெலியா பக்கத்துத் தாளையும் சேர்த்து வைத்தால் றோட்டு முறியாமல் தொடரும். 72 மொனிட்டரை ஒரே நிலமாக்கின மாதிரி. எல்லாத் தாளும் ஒரே பூச்சியத்திலிருந்து எண்ணுவதால் இது முடிந்தது.

அந்தப் பூச்சியம் பீதுருதலாகலை.

இலங்கை முழுவதற்குமான ஆள்கூற்று வலைக்கு மூலப்புள்ளி நம்ம 2,524 மீற்றர் மலையின் உச்சி. கொழும்பு இல்லை, கண்டி இல்லை. மன்னாரில் ஒரு கிணற்றுக்கும், அம்பாந்தோட்டையில் ஒரு வயலுக்கும் எண் கொடுப்பது இந்த மலையிலிருந்து எவ்வளவு கிழக்கு, எவ்வளவு வடக்கு என்று பார்த்துத்தான். 1982 இல் ரூபவாஹினி தொடங்கியபோது படம் பரப்பின கோபுரம் நின்றதும் இதே மலையில். உச்சி நெடுங்காலமாக உயர் பாதுகாப்பு வலயம். அடிவாரத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பலர் ஒருநாளும் ஏறாத பூச்சியம் அது.

ஆனால் உச்சியைப் பூச்சியமாகவே விட்டால் விண்டோஸ்காரர்களின் சிக்கல் வரும். ஹட்டன் அந்த மலையிலிருந்து ஏறக்குறைய 19 கிலோமீற்றர் மேற்கே, 12 கிலோமீற்றர் தெற்கே. அதாவது இரண்டு எண்ணும் கழித்தல். கொழும்பும் மேற்கே, காலியும் தெற்கே. களத்தில் மழையில் நனைந்துகொண்டு கையால் எழுதுகிற சேர்வேயர் ஒரு கழித்தல் குறியை விட்டால் காணி மலைக்கு அந்தப் பக்கம் போய்விடும். அதனால் ஒரு தந்திரம் செய்தார்கள். மலையின் எண் பூச்சியம் இல்லை, பெரிய ஒரு எண் என்று வைத்துக்கொள்வது. மைல் காலத்தில் அது 176,000 யார், சரியாக 100 மைல். மீற்றருக்கு மாறியபின் 200,000. தீவின் மேற்கு ஓரமும் தெற்கு ஓரமும் மலையிலிருந்து 130 கிலோமீற்றருக்குள்தான் வருகின்றன. ஆகவே யாருக்கும் கழித்தல் இல்லை. உண்மையான பூச்சியம் கடலுக்குள்ளே எங்கேயோ போய்விட்டது. எக்ஸ் விண்டோவின் பெரிய செவ்வகம் இதேதான்.

இந்தத் தந்திரத்தில் ஒரு பொறி இருக்கு. ஜிபிஎஸ் வந்தபின் வலையைப் புதிதாகக் கணித்து, எஸ்.எல்.டி. 99 என்று பெயர் வைத்தார்கள். மலை அதே மலை. ஆனால் அதற்குக் கொடுத்த எண்ணை 200,000 இலிருந்து 500,000 ஆக்கினார்கள், பழையதும் புதியதும் குழம்பக்கூடாது என்றால் எண்ணைப் பார்த்ததுமே வித்தியாசம் தெரியவேண்டும் அல்லவா. நல்லதுதான். ஆனாலும் பழைய வலையில் ஹட்டனுக்கு எழுதின எண்ணை எடுத்து, புதிய வலை என்று நினைத்து கொம்பியூட்டரில் போட்டால், ஹட்டன் 300 கிலோமீற்றர் மேற்கே, 300 கிலோமீற்றர் தெற்கே, இந்து சமுத்திரத்தில் மிதக்கும்.

இன்னொன்று. இரண்டு மொனிட்டரை எவ்வளவுதான் பார்த்துப் பார்த்து வைத்தாலும் முழுசாகப் பொருந்தாது. 14 அங்குல லெப்டொப்பில் ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 112 புள்ளி. 24 அங்குல மொனிட்டரில் 92. கொம்பியூட்டர் புள்ளியை எண்ணுகிறது, நம் கண் அங்குலத்தைப் பார்க்கிறது. ஓர் உயரத்தில் பொருத்தலாம், மற்ற உயரத்தில் எல்லாம் கொஞ்சம் வழுக்கும். உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கிறவர்களுக்கும் இதே கதி. அவர்கள் என்ன செய்தார்கள் என்றால், பிழையை ஒரே இடத்தில் குவிய விடாமல் பகிர்ந்து போட்டார்கள். பீதுருதலாகலை வழியாகப் போகிற வடக்குத் தெற்குக் கோட்டில் எல்லா நீளத்தையும் 0.9999238 ஆல் பெருக்கிக் குறைப்பார்கள். ஒரு கிலோமீற்றருக்கு ஏழரை சென்டிமீற்றர் அளவுக்குச் சுருங்கும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய 80 கிலோமீற்றர் போனால் சரியான அளவு, அதற்கு அப்பால் கொஞ்சம் நீளும். ஆக இந்த வலையில் நுவரெலியாக்காரர்களின் காணிதான் கொஞ்சம் சுருக்கித் தெரிகிறது. சும்மா பகிடிக்குச் சொல்கிறேன். ஏழு பேர்ச்சஸில் அது உள்ளங்கை அளவு.

ஏழு பேர்ச்சஸ் என்றதும் பகிடி நின்றுவிடுகிறது. தனி வீட்டுக்கு ஏழு பேர்ச்சஸ் காணி, அதற்கு உறுதி என்ற பேச்சு மலையகத்தில் எவ்வளவு காலமாக ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியும். உறுதி எழுத வேண்டுமானால் நில அளவைப் பிளான் வேண்டும். பிளான் நாட்டு வலையோடு பொருந்தவேண்டும். ஆனால் தோட்டத்தில் இருப்பது தோட்டத்துப் பிளான். அதில் பெக்டரி இருக்கும், பங்களா இருக்கும், நம்பர் போட்ட தேயிலை மலைகள் ஏக்கர் கணக்கோடு இருக்கும். லயம் என்றால் ஒரு நீளப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் மூன்று தலைமுறை இருந்தாலும் முகவரி என்று ஒன்று கிடையாது. கடிதம் தோட்டத்து ஒபிசுக்கு வரும், அங்கேயிருந்து வரும்போது வரும்.

பெயரும் அப்படித்தான். ஸ்கொட்லாந்துக்காரர் வைத்த பெயர் வரைபடத்தில் ஏறிவிட்டது. நம்மாட்கள் கூப்பிடுகிற பெயர், மேல்கணக்கு, கீழ்கணக்கு, இத்தனையாம் நம்பர் மலை என்பதெல்லாம் வாயிலேயே இருக்கிறது. இந்த இரண்டையும் யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொருத்தவில்லை. எந்தத் திரை முதன்மைத் திரை என்று யாரோ ஏற்கெனவே கிளிக் பண்ணிவிட்டுப் போய்விட்டார்கள்.

இதன் விலை சின்னதில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தயில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்து, ஆட்களை அகற்றவேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது என்பது பிறகு வெளியே வந்தது. மாற்றுக் காணி, பணம், பொறுப்பு, அலட்சியம் என்று காரணம் நிறைய. எல்லாம் வரைபடத்தால் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்க. மண்சரிவு வரைபடம் ஓர் ஒபிசில். தோட்டத்துப் பிளான் இன்னொரு ஒபிசில். எந்த லயத்தில் யார் என்பது செக்ரோலில். இந்த மூன்றும் ஒரே மேசையில், ஒரே பூச்சியத்தில் வைக்கப்பட்டால்தான் சிவப்பு நிறம் பூசின பகுதிக்குள் இருப்பது யாருடைய கதவு என்று தெரியும். பெயரில்லாத பெட்டிக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்ப முடியாது.

இதை நாமே செய்து பார்க்க முடியும் என்பதுதான் எனக்குச் சுவாரசியமான பகுதி. கியூ-ஜிஐஎஸ் என்ற இலவசப் புரோகிராம் போதும். உதாரணத்துக்கு மஸ்கெலியா. மவுசாக்கலை அணை கட்டி 1969 இல் தண்ணீர் தேங்கியபோது பழைய மஸ்கெலியா டவுன் அடியில் போய்விட்டது. பழைய ஓர் அங்குலத் தாளின் ஸ்கேன் கிடைத்தால் லெப்டொப்பில் திறங்க. பெரிய மொனிட்டரில் செட்டலைட் படம். முதலில் டிஸ்பிளே செட்டிங்கில் பெட்டிகளை இழுத்து, நீங்கள் அதிகம் தாண்டுகிற உயரத்தில் இரண்டையும் பொருத்திக்கொள்ளுங்க. பெரும்பாலும் நடுப்பகுதியைப் பொருத்துவது நல்லது, அப்போது 312 வரிசைப் பள்ளம் மேலே 156, கீழே 156 என்று பிரிந்துவிடும்.

பிறகு இரண்டிலும் தெரிகிற ஒரே இடங்களைத் தேடவேண்டும். தாளை நகர்த்தி, திருப்பி, இழுத்துப் பொருத்துவதற்குக் கணக்கில் ஆறு எண்கள் வேண்டும். ஓர் இடம் இரண்டு எண் தரும், ஆகவே மூன்று இடம் குறைந்தபட்சம். ஆனால் மூன்றோடு நிறுத்தினால் பிழை இருந்தாலும் தெரியாது, எல்லாம் சரி என்றே காட்டும். நான்காவதும் ஐந்தாவதும் வைத்தால்தான் எது பொய் சொல்கிறது என்று வெளிவரும். ஆற்றங்கரையைத் தேர்ந்தெடுக்காதீங்க, அது நகரும், இங்கே முழுகியும் போயிற்று. தண்ணீருக்கு மேலே தப்பின றோட்டுச் சந்தி, தோட்டத்துப் பெக்டரி, சிகரத்தில் போட்ட முக்கோணக் குறி நல்லது. முக்கோணக் குறி கிடைத்தால் அதுதான் முதல். அந்தத் தாள் பிறந்ததே அதிலிருந்துதான். எந்த வலை என்று தாளின் ஓரத்தில் எழுதியிருப்பதை வாசிக்காமல் எண் எதையும் தட்டவேண்டாம், இல்லாவிட்டால் மஸ்கெலியா சமுத்திரத்துக்குப் போகும்.

பொருந்திய பிறகு பழைய தாளைப் பாதி ஒளிவுமறைவாக்கி செட்டலைட் படத்தின் மேல் போடலாம். வரட்சியில் தண்ணீர் இறங்கும்போது பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே தெரிகிறதை நேரில் பார்த்தவர்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். அப்படி இறங்கின மாதத்துப் படம் ஒன்றைத் தேடி எடுத்தால், அதே கட்டடங்கள் பழைய தாளின் சின்னக் குறிகளுக்கு நேரே வந்து உட்காரும். பக்கத்தில் வீட்டுப் பெரியவர் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு, கடைத்தெரு எங்கே தொடங்கியது, பஸ் எங்கே நின்றது, யாருடைய கடை எந்தப் பக்கம் என்று கேட்டு அந்தந்த இடத்தில் பெயரைத் தட்டிக்கொண்டே போகலாம். தமிழிலேயே தட்டலாம், புரோகிராம் ஏற்கும்.